விசை இல்லாத துப்பாக்கி

“…சத்தியமெல்லாம் வேணாம்டி, கற்பூரத்தையும் அடிக்க வேணாம். ஆமாவா இல்லையா, அத்த மட்டும் சொல்லு. இந்தத் துப்பாக்கிய எங்க ஊட்டுக்காரரு போட்டாரா, நீ போட்டியா?”

போன மாதம் ஆரணியில் தேவகி வீட்டில், அவள் சுட்ட மூன்றாவது தோசையை நான் மென்றுகொண்டிருக்கும்போது வந்த கேள்வி இது. கையிலிருந்த விள்ளலைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எதிரே பாயில் அவளுடைய முகூர்த்தப் புடவை விரிந்து கிடந்தது. அரக்குச் சிவப்பு உடல், மஞ்சள் கரை. கரை நெடுக ஜரிகையில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வரிசையாக ஒரே உருவம். நாலடி தள்ளி நின்று பார்த்தால் மாங்காய். குனிந்து உற்றுப் பார்த்தால் துப்பாக்கி. ஆமாம், சுடுகிற துப்பாக்கிதான். பட்டுக் கரையில் அன்னம் பார்த்திருப்பீர்கள், மயில், யானை, ருத்ராட்சம் எல்லாம் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கி பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே இந்த ஒன்றுதான்.

புடவைக்குப் பக்கத்தில் பழுப்பேறிய இரண்டு கிராஃப் தாள்கள். ஒன்றில் மாங்காய், மற்றதில் துப்பாக்கி. இரண்டும் தேவகியின் கணவர் ஏகாம்பரம் அண்ணன் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பியவை. அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அவருடைய மேசை இழுப்பறையை இவள் இப்போதுதான் ஒழித்திருக்கிறாள். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே இவை இருந்தனவாம்.

“இதப் பாரு,” என்று துப்பாக்கித் தாளின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொரு வரிசைக்கும் நேராக நீலப் பேனாவில் ஒரு சின்ன டிக். “இது உன் டிக்கு. கோழி கிளறன மாதிரி வேற யாரு போடுவா? இப்ப மாங்கா தாளப் பாரு. ஒரு டிக்காவது கீதா? அப்பிடின்னா இன்னா அர்த்தம்? தறி அட்டையில மாங்காய குத்த வேண்டியவ நீ பார்க்காம துப்பாக்கிய குத்திட்ட. உன் வேல போயிடக் கூடாதுன்னு அவரு பழிய ஏத்துகினாரு. சரியா?”

அந்தக் காலத்தில் நாங்கள் சேர்ந்து பார்த்த துப்பறியும் படத்தில், கோட்டுப் போட்டவர் சிகரெட் சாம்பலை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். இவள் பேனா டிக்கை வைத்துக்கொண்டு ஒரு தோசை சுடுகிற நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். பாராட்டலாம் என்று வாயெடுத்தவள் அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

“கோவத்துல கேக்கலடி,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “அந்த மனுஷன்கூட நாப்பது வருஷம் குப்ப கொட்டனேன். நல்ல மனுஷன், கொறயே சொல்ல முடியாது. ஆனா உன்ன எனக்குப் புடிக்கும்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னதில்ல. இந்தப் பொடவ ஒண்ணுதான் அவரு சொன்னது. சொல்லாததுக்கெல்லாம் சேத்து இது போதும்னு இருந்துட்டேன். இது உன் தப்புல வந்ததுன்னா, அவரு எனக்கு இன்னாதான் சொன்னாரு? ஒண்ணுமே சொல்லலயா?”

“தண்ணி குடு,” என்றேன். யோசிக்க நேரம் வேண்டும்போது நான் தண்ணீர் கேட்பேன். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து போனாள்.

புடவையிலிருந்து பாச்சை உருண்டை வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது, கொஞ்சம் பசை, கொஞ்சம் மரத்தூள், கொஞ்சம் ஈர அட்டை. அது புடவையில் உண்மையாகவே இருந்ததா, என் மூக்கு தானாகச் சேர்த்துக்கொண்டதா, தெரியாது. ஏகாம்பரம் அண்ணன் கடையின் வாசனை அது.

கடை என்று சொல்வது பழக்கத்தில். ஒரு ஓட்டு அறை, ஜன்னலோரம் அவர் மேசை, கதவோரம் என் மேசை, அவ்வளவுதான். அவர் டிசைன் வரைவார், நான் அட்டை குத்துவேன். தறிக்கு மேலே ஒரு பெட்டி மாதிரி இருக்கும், ஜக்கார்டு என்பார்கள். அதற்கு எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று சொல்வது இந்த அட்டைகள். தாளில் கட்டம் சிவப்பாக இருந்தால் அட்டையில் ஓட்டை, வெள்ளையாக இருந்தால் ஓட்டை இல்லை. ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. எல்லாவற்றையும் கயிற்றில் கோத்து மாலையாக்கித் தறியில் போட்டுவிட்டால், மாலை சுற்றச் சுற்றக் கரையில் அதே உருவம் திரும்பத் திரும்ப விழும்.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த வேலை கிடைத்தது பெரிய விஷயம். பெரணமல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவேன். மூத்தவன் அப்போது கைக்குழந்தை. இப்போது அவன் செய்யாரில் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகிறான், தலையில் பாதி நரை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அண்ணன் சொன்னது ஒரே வார்த்தை: “பொறுமையா.” அதுவும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அவர் யாரையும் பார்த்துப் பேச மாட்டார். கடைக்காரர்கள் வந்தால் கிராஃப் தாளிடம் பேசுவார், டீக்காரர் வந்தால் கிளாஸிடம் பேசுவார். “அண்ணன் யாருகிட்டயாவது பேசணும்னா அவங்கள மொதல்ல தாளுல வரையணும்” என்று டீக்காரர் சொல்வார். நானும் சிரிப்பேன். பின்னால் அது அப்படியே நடக்கும் என்று டீக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தத் துப்பறியும் படம் வந்தது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆனபோது. பெயர் வேண்டாம், சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. கறுப்பு வெள்ளை, அப்போதே பழைய படம். புதுப்படத்தின் பெட்டி வந்து சேராததால், நாலு நாளைக்கு ஓட்டலாம் என்று போட்டார்கள். நாலு வாரம் ஓடியது. கதைக்காக ஓடவில்லை, பாட்டுக்காகவும் ஓடவில்லை. துப்பாக்கிகளுக்காக ஓடியது. படத்தில் ஆளுக்கொரு துப்பாக்கி. முகத்தை மறைத்துவிட்டுக் கையை மட்டும் காட்டினாலும், யார் கை என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

துப்பறிகிறவருடையது குட்டை மூக்கு, சுழல்கிற உருளை வைத்தது. மழைக்கோட்டுக்குள் வைத்திருப்பார். படத்தில் ஒரு சொட்டு மழை கிடையாது. “வெயில்ல இன்னாத்துக்கு அந்த ஆளு மழைக்கோட்டு போட்டுகினு சுத்தறாரு?” என்று நான் கேட்டேன். பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா, “பின்ன துப்பாக்கிய எங்க வப்பாரு, டிபன் பாக்ஸ்லயா?” என்றாள்.

அந்த உருளையில் ஆறு குண்டுதான் போட முடியும். குண்டு போடுவதை அருகில் காட்டுவார்கள், ஆறுதான். அதற்கப்புறம் ஒரு கிடங்குச் சண்டை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எண்ணாமல் இருக்கத் தெரியாது. இழை எண்ணி, அட்டை எண்ணி, கரையில் விழுகிற புட்டா உருவங்களை எண்ணி வளர்ந்த ஊர். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் “ஆறு” என்றது. துப்பறிகிறவர் மறுபடியும் சுட்டார். “ஏழு.” மறுபடியும் சுட்டார். இரண்டாவது வாரத்தில் தியேட்டர் முழுக்கச் சேர்ந்து எண்ணியது, ஒன்பது, பத்து, பதினொன்று, விசில். வெளியே வந்ததும் ஒருவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “ஆறுதான் போட்டான், பதினொண்ணு சுட்டான். மீதி அஞ்சு எவன் ஊட்டு சரக்கு?”

வில்லனுடைய துப்பாக்கி நீள மூக்கு. ஆர்மோனியப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருப்பான். யாரையாவது கொன்றுவிட்டு வந்து, பெட்டியைத் திறந்து, துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு ஒரு பட்டுத்துணியால் துடைப்பான். அவன் செய்த மூன்று கொலைகளுக்கும் பெண்கள் பக்கம் பெரிதாகச் சத்தம் வரவில்லை. பட்டால் எண்ணெயைத் துடைத்தபோதுதான் வந்தது. “நல்ல பட்டுடி அது! அதுல போயி எண்ணெயத் தொடைக்கறானே, இவன் உருப்படுவானா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் தேவகி. அவனுக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தபோது, எங்களைப் பொறுத்தவரை அது அந்தத் துணிக்காகத்தான்.

மூன்றாவது துப்பாக்கி கதாநாயகியுடையது. உள்ளங்கையில் அடங்குவது, வெள்ளைப் பிடி. பவுடர் டப்பாவுக்குள் வைத்திருப்பாள். கடைசிக் காட்சியில் வில்லனுக்கு எதிரே அதை நீட்டிக்கொண்டு நிற்பாள். நிற்பாள், நிற்பாள், கை நடுங்கும், கண் கலங்கும், சுடவே மாட்டாள். அதற்குள் கோட்டுக்காரர் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

இதை வைத்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. பொம்பளை கையால் ஒரு உயிர் போகக்கூடாது என்று சுடவில்லை என்பது ஒரு கட்சி. பயந்துவிட்டாள் என்பது இன்னொரு கட்சி. தேவகி மட்டும் மூன்றாவது கட்சி: “துப்பாக்கிய கையில எடுத்துட்டா சுடணும். இல்லன்னா டப்பாவுலயே வக்கணும். நானா இருந்தா சுட்டுட்டுதான் மத்த பேச்சு.”

தேவகி யார் என்று நான் இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை, பாருங்கள். தறிக்காரர் கோதண்டம் மாமாவின் ஒரே மகள். அவர் தறிக்கு அட்டை வாங்கிப்போக எங்கள் கடைக்கு வருவாள். வந்தால் அரை மணி நேரம் என்னோடு பேசாமல் போக மாட்டாள். அவள் பேசும்போது அண்ணன் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார். அவள் கிளம்பும்போது பென்சில் பாதிதான் இருக்கும். எனக்கு இது புரிந்துதான் இருந்தது. புரிந்து என்ன செய்வது? அவர் ஜன்னலிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு அவள் வந்து இதே பேச்சை எடுத்தாள், சுடணும், டப்பாவிலேயே வைக்கணும் என்று. திடீரென்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

“அதுல விசையே இல்லீங்க.”

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

“இன்னாது?” என்றாள் தேவகி.

“விரல் வக்கிற எடத்துல ஒண்ணுமே இல்ல. மரத்துல செஞ்சி வெள்ளையடிச்சிகீறாங்க. ஒம்பது வாட்டி பார்த்துட்டேன். விசை இல்லாத துப்பாக்கிய வச்சிகினு அந்தப் பொண்ணு எப்பிடிங்க சுடும்? அதுக்கு சுடணும்னு இருந்துது. முடியல.” இவ்வளவையும் அவர் பென்சிலிடம்தான் சொன்னார். ஆனால் இரண்டு வருஷத்தில் அவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

தேவகி அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “பாவம்பா அது. எனக்குத் தெரியாம அந்தப் பொண்ண பேசிட்டேன். சரி, வரைஞ்சி காமிங்க, அப்ப நம்பறேன்,” என்று சொல்லிவிட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவர் இரண்டு நாள் வரைந்தார். அவருக்குக் கிராஃப் தாளில் தவிர வேறெதிலும் வரையத் தெரியாது. கரையில் விழுகிற புட்டாவின் அளவில் தவிர வேறு அளவிலும் வராது. அதனால் அந்தத் துப்பாக்கி, வேலூர்க் கடை ஒன்றுக்காக அவர் வரைந்து வைத்திருந்த மாங்காயின் அளவிலேயே வந்தது. அதே வரிசை, அதே அகலம், அதே சிவப்புப் பென்சில். துப்பாக்கியின் பிடி மாங்காயின் வயிறு போல, மூக்கு மாங்காயின் வளைந்த நுனியை நிமிர்த்தியது போல. இரண்டு தாளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இன்னொரு வாட்டி பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று அண்ணன் மதியக் காட்சிக்குக் கிளம்பிப் போனார். பத்தாவது வாட்டி.

நான் தாளை எடுத்தேன். குத்தினேன்.

“கண்ணு எங்க போச்சு?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். மகனுக்கு அன்றைக்கு இருமல், மனசு பெரணமல்லூரில் இருந்தது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேலையிலேயே இருக்கிறது. அட்டை குத்துகிறவள் படத்தைப் பார்ப்பதில்லை. வரிசையைத்தான் பார்ப்பாள். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் அளவுகோலால் மறைத்துவிட்டு, ஒரு வரிசையில் எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை என்று எண்ணிக் குத்தி, டிக் போட்டு, அளவுகோலை ஒரு கட்டம் நகர்த்துவாள். முழு உருவம் என்னவென்று தெரியாமலே ஆயிரம் மயில் குத்தியிருக்கிறேன். அப்படித்தான் இந்தத் துப்பாக்கியையும் குத்தினேன்.

மாலை கோத்தாயிற்று. கோதண்டம் மாமாவே வந்து வாங்கிப்போனார். வேலூர்க் கடைக்குக் கல்யாணப் புடவை, ஜல்தியாக வேண்டும் என்றிருந்தார்கள்.

அவர் கண் எங்கே போயிற்று என்று அடுத்துக் கேட்பீர்கள். தறியில் புடவையின் முகம் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவருக்குத் தெரிவது முதுகுதான், ஜரிகை நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற முதுகு. சந்தேகம் வந்தால் கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்ப்பார்கள். ஏகாம்பரத்தின் டிசைனில் மாமாவுக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் துப்பாக்கித் தாளைத் தேடினார். தேவகிக்குக் கொடுக்க நினைத்திருக்க வேண்டும். தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். என் மேசையில் இருந்த தாளை எடுத்தார். ஓரத்தில் டிக். தன் மேசைக்குப் போய் மாங்காய்த் தாளை எடுத்தார். டிக் இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கோதண்டம் மாமா வீட்டுக்குப் போனார்.

ஒரு மணி நேரம். வேலை போயிற்று, பஸ் போயிற்று, மாமாவின் மூன்று நாள் உழைப்பும் போயிற்று என்று நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர் என்னிடம் ஒன்று சொன்னார், ஒன்று செய்யச் சொன்னார். அது என்ன என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் தேவகிக்கு முன்னால் உங்களிடம் சொன்னதாகிவிடும். நாற்பது வருஷம் வைத்திருந்ததை அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மறு வாரம் புடவை முடிந்தது. தறியிலிருந்து அறுத்து, பின்பக்க நூல் பிசிறுகளைக் கத்தரித்துவிட்டு, முகத்தைப் பார்க்க தேவகி அதைத் திருப்பியிருக்கிறாள். அப்புறம் நடந்ததை ஊரே கேட்டது. கோதண்டம் மாமா புடவையைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். பின்னால் தேவகி.

“இன்னாடா இது? இன்னா இதுன்னு கேக்கறேன்! தறிக்குழியில குந்திகினு ராவும் பகலுமா நெய்ஞ்சேனேடா! கல்யாணப் பொடவடா! போலீஸ்காரன் ஊட்டுக் கல்யாணத்துலகூட எவனும் துப்பாக்கி போட்ட பொடவ கேக்க மாட்டான்டா!”

நான் எழுந்து நின்றேன். சொல்லிவிடலாம் என்றுதான் நின்றேன். கால் எழுந்தது, நாக்கு எழவில்லை. அதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார். “நான்தாங்க போட்டேன்.”

“தெரிஞ்சா போட்ட?”

“தெரிஞ்சிதாங்க.”

அவர் அதை ஜன்னலிடம் சொல்லவில்லை, பென்சிலிடமும் சொல்லவில்லை. தேவகியைப் பார்த்துச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் மட்டும் விரிந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

“பேஜாரு புடிச்சவனே! இத எவ கட்டுவா? இந்தத் துப்பாக்கிய சுத்திகினு எவடா மணையில குந்துவா?”

“நான் குந்தறேன்,” என்றாள் தேவகி.

மாமா திரும்பினார். “நீயா? யாரு பக்கத்துல?”

“போட்டவரு நிக்கிறாரே, அவரக் கேளுங்க.”

அண்ணன் கையிலிருந்த பென்சில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் மேசைக்கு அடியிலேயே இருந்துவிட்டார். “அண்ணா, வெளிய வாங்கண்ணா, கேக்கறாங்க இல்ல,” என்று நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கல்யாணத்துக்கு நான் செய்த உதவி என்று வெளியே சொல்லிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

வேலூர்க்காரருக்கு வேறு மாங்காய்ப் புடவை போயிற்று. அது முடிகிறவரை அண்ணன் தினமும் கோதண்டம் மாமாவின் தறிப்பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்தார். மாமாவின் கோபம் இறங்கியது அப்படித்தான். தறியில் உட்கார்ந்துவிட்டால் மாமாவும் பேச மாட்டார். பேசாமலே சமாதானம் ஆனார்கள்.

கல்யாணத்தில் தேவகி அந்தப் புடவையைத்தான் கட்டினாள். ஆசீர்வாதம் செய்ய வந்தவர்களெல்லாம் கரையைத் தொட்டுப் பார்த்து, “மாங்கா நல்லா விழுந்துகீதும்மா,” என்றார்கள். தேவகி உதட்டைக் கடித்துக்கொண்டு காலில் விழுந்தாள். கலசப்பாக்கத்திலிருந்து வந்த பெரியப்பா ஒருவர்தான் கண்டுபிடித்தார், ஓய்வுபெற்ற ஏட்டு. அட்சதை போடக் குனிந்தவர் அப்படியே நின்று, காதோரம் கேட்டார்: “லைசென்ஸு வாங்கிட்டியாம்மா?”

அதற்குப் பிறகு எத்தனை விசேஷம், எத்தனை பந்தி. ஒவ்வொன்றிலும் தேவகி அந்தக் கதையைச் சொல்லுவாள். “எங்க ஊட்டுக்காரரு வாயால பேச மாட்டாரு. துப்பாக்கியாலதான் பேசுவாரு. கல்யாணத்துக்கு முன்னால எனக்காகப் பட்டுல போட்டாரு பாரு, அந்தத் தைரியம் இந்த ஊருல எவனுக்கு வரும்?” அண்ணன் காது சிவந்து என்னைப் பார்ப்பார். நான் பாயசத்தைப் பார்ப்பேன். முதலில் வேலைக்காகத்தான் வாயை மூடினேன், அதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் அது அவர்கள் இரண்டு பேருடைய கதையாகிவிட்டது. அதற்குள் என் பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். திரை இருந்த இடத்தில் மணமேடை. போன தையில் என் தங்கை மகள் அங்கேதான் உட்கார்ந்தாள். மேளச் சத்தத்துக்கு நடுவில் என்னையறியாமல் காதில் ஏழு, எட்டு என்று கேட்டது. தேவகியின் மகன் இப்போது டிசைனெல்லாம் கம்ப்யூட்டரில் போடுகிறான். முழுப் புடவையும் திரையில் தெரியும்; ஒரு புள்ளி மாறினாலும் கண்ணில் பட்டுவிடும். நல்லதுதான். ஆனால் நான் செய்த தப்பை இனி யாராலும் செய்ய முடியாது. அந்தப் படத்தை எங்கேயாவது பிடிக்க முடியுமா என்று அவனைத் தேடச் சொன்னேன். செல்போனில் இரண்டு நாள் தேடிவிட்டு, “அப்பிடி ஒரு படமே இல்ல அத்த, நீங்க ரெண்டு பேரும் கனா கண்டீங்களா?” என்றான். பிரிண்டு எங்கோ மக்கிப் போயிருக்கும். மழைக்கோட்டும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை, அந்த நீள மூக்கும் குட்டை மூக்கும் இல்லை. மூன்று துப்பாக்கிகளில் மிச்சம் இந்தக் கரையில் இருப்பது மட்டும்தான்.

தேவகி சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். குடித்தேன். வைத்தேன்.

“குத்தனது நான்தான்டி,” என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். துப்பாக்கித் தாளை எடுத்து, பழைய மடிப்பிலேயே மெதுவாக மடிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“இருடி. முழுசா கேளு. மூணாம் நாளு அவரு உங்க ஊட்டுக்கு வந்தாரே, நீ அப்ப இல்ல. தறிக்குக் கீழ கண்ணாடிய வச்சிப் பார்த்தாரு. துப்பாக்கி உழுந்துகினு இருந்துது. ரெண்டு முழம்கூட ஆகல. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அத்த அறுத்துட்டு மாங்காயப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவரு சொல்லல.”

மடிப்பதை நிறுத்தினாள்.

“ஒரு சின்னத் திருத்தம் கீதுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லிட்டு, மாலையிலேர்ந்து ரெண்டே ரெண்டு அட்டைய அவுத்துகினு வந்தாரு. என் மேசையில வச்சாரு. ஒவ்வொண்ணுலயும் ஒரு புள்ளி வச்சி, ‘இங்க ஒரு ஓட்ட, இங்க ஒரு ஓட்ட, கூட குத்து’ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. ‘இன்னாண்ணா இது, மாங்கா வேணாமா?’ன்னு கேட்டேன்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“ஜன்னலப் பார்த்துகினு, ‘விசை’ன்னாரு. அப்புறம், ‘அவங்க சுடணும்னு சொன்னாங்க இல்ல’ன்னாரு. ‘யாரு கேட்டாலும் நான்தான் போட்டேன், நீ வாயத் தொறக்கக் கூடாது’ன்னும் சொன்னாரு. நான் குத்திக் குடுத்தேன். அன்னிக்கே கொண்டும்போயி மாலையில கட்டிட்டாரு. குத்தனது என் தப்புடி. நிறுத்தாம வுட்டது அவரு. அந்த விசையும் அவரு போட்டதுதான்.”

தேவகி தாளைக் கீழே வைத்தாள். புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இடுப்புல சொருகற பக்கத்துலேர்ந்து பாரு,” என்றேன். “மொதல்ல வர்றதுல இருக்காது. போகப் போக வரும்.”

அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். புடவையின் உள்முனையை மடியில் இழுத்துப் போட்டு, கரையில் விரலை வைத்து ஒவ்வொரு துப்பாக்கியாக நகர்த்தினாள். “இல்ல,” என்றாள். “இதுல இல்ல… இதுலயும் இல்ல… இல்ல…” நாற்பது வருஷம் இடுப்பில் சொருகி யாரும் பார்க்காமல் இருந்த துப்பாக்கிகள். நானும் கூடவே மனசுக்குள் எண்ணினேன், ஊர்ப் பழக்கம். விரல் ஓரிடத்தில் நின்றது. பிடிக்கு முன்னால், வெறும் மஞ்சளாக இருந்த இடத்தில், ஜரிகையில் இரண்டே இரண்டு புள்ளி. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும், அங்கிருந்து முந்தானை வரைக்கும்.

தேவகி அந்த முதல் துப்பாக்கியைக் கரையோடு சேர்த்து உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். ஆட்காட்டி விரலை அந்த இரண்டு புள்ளிகளின் மேல் வைத்தாள். ஜன்னலோரம் காலியாக இருந்த அண்ணனின் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒரு தடவை, அழுத்தினாள்.